'டிஸ்ரப்ஷன்': அறிவிப்பிலும் மின்னஞ்சலிலும் பிழையில்லாமல் எழுத முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு, வளாக நிர்வாகம் போன்ற வேலைகளில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் அடிக்கடி எழுத வேண்டிவரும் சொல் 'டிஸ்ரப்ஷன்', அதாவது சேவைத் தடை. தண்ணீர் நிறுத்தம், மின்தடை, லிஃப்ட் நிறுத்தம், ரயில் ஓடாததால் வேலைக்கு வரத் தாமதம் என்று எதை எழுதப் போனாலும் இந்தச் சொல் தேவைப்படுகிறது. பேச்சில் எப்படிச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். லிஃப்ட் லாபியில் ஒட்டுகிற அறிவிப்பு அப்படியில்லை. தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரிந்துகொள்ள அந்தத் தாளை மட்டுமே நம்பியிருக்கிற வயதானவர்கள் ஒவ்வொரு புளோக்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது வாக்கியம் தெளிவாக இருக்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களின் வரைவுகளைத் திருத்தித் தந்ததில் எனக்குத் தெரியவந்தது இது: பிழைகளில் பெரும்பகுதி எழுதுகிற வரிசையால் வருகிறது. முதலில் 'டிஸ்ரப்ஷன்' என்று எழுதிவிட்டு, அதைச் சுற்றி வாக்கியத்தைக் கட்டப் பார்க்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த எது தடைப்பட்டது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்ற சொற்கள் தாமாகவே இடத்தில் உட்காரும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

1. எழுதும் முன் ஐந்து விவரங்களைத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்

எந்தச் சேவை தடைப்பட்டது? எங்கே? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? என்ன காரணம்? நடந்து முடிந்ததா, நடக்கிறதா, இனிமேல் நடக்கப் போகிறதா?

இந்த ஐந்தும் தாளில் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆங்கில வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டும் இவற்றில் ஒன்றிலிருந்து வருகிறது. சேவை தெரிந்தால் 'டு' எங்கே வரும் என்று தெரியும். காலம் தெரிந்தால் 'வாஸ்' எழுதுவதா 'வில் பி' எழுதுவதா என்று தெரியும். விவரம் இல்லாமல் தொடங்குகிறவர்கள் பாதியில் நின்று, அப்புறம் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து அப்படியே பிரதி எடுக்கிறார்கள். பழைய தேதியும் பழைய காரணமும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு நிகழ்வுகளை வைத்துக்கொள்வோம். ஒன்று திட்டமிட்டது: ஒரு புளோக்கின் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை தண்ணீர் நிற்கும். இன்னொன்று எதிர்பாராதது: பம்ப் பழுதாகி இரண்டு மணி நேரம் தண்ணீர் வரவில்லை.

2. 'டிஸ்ரப்ஷன்'தான் சரியான சொல்லா என்று பாருங்கள்

இந்தச் சொல் சேவைக்கு உரியது. இயந்திரத்துக்கோ மனிதருக்கோ நேராக ஒட்டாது. இயந்திரம் பழுதானால் அது 'பிரேக்டவுன்' அல்லது 'ஃபெயிலியர்'. அதனால் சேவை தடைப்பட்டால் அது 'டிஸ்ரப்ஷன்'. அதனால் மனிதர்களுக்கு வருகிற சிரமம் 'இன்கன்வீனியன்ஸ்'. ஒரே சம்பவத்தில் மூன்றும் இருக்கும். பம்ப் பழுதானது, தண்ணீர் விநியோகம் தடைப்பட்டது, குடியிருப்பாளர்கள் சிரமப்பட்டார்கள். எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று பார்த்து எடுங்கள்.

'பம்ப் டிஸ்ரப்ஷன்' என்று எழுதுவது இந்தப் படியைத் தாண்டிப் போனதால் வருகிற பிழை. பம்ப் ஓடும் பொருள்தான்; ஆனால் குடியிருப்பாளருக்குக் கிடைக்கிற சேவை தண்ணீர். ஆகவே 'வாட்டர் சப்ளை டிஸ்ரப்ஷன்' என்று எழுத வேண்டும். லிஃப்டுக்கும் இதே கதைதான்: ஒரு லிஃப்ட் நின்றால் 'லிஃப்ட் பிரேக்டவுன்', ஆட்களை ஏற்றி இறக்குகிற சேவை தடைப்படுகிறது என்று சொல்ல 'லிஃப்ட் சர்வீஸ் டிஸ்ரப்ஷன்'.

இன்னும் சில பக்கத்துச் சொற்கள் உண்டு. 'டிலே' என்றால் சேவை நடக்கிறது, நேரம்தான் கூடுகிறது. ரயில் மெதுவாகப் போனால் 'டிலே'; இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயிலே ஓடவில்லை என்றால் 'டிஸ்ரப்ஷன்'. 'இன்டரப்ஷன்' என்பது ஓர் இடைநிறுத்தம். தண்ணீர், மின்சாரத்துக்கு அதுவும் பொருந்தும். கூட்டத்தில் ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதற்கும் அதே சொல்தான். மின்சாரம் முழுதாகப் போனால் 'பவர் அவுட்டேஜ்' என்று எழுதலாம்.

'டிஸ்டர்பன்ஸ்' மட்டும் வேண்டாம். 'டிஸ்டர்ப் பண்ணாதே' என்று நாம் தினமும் சொல்வதால் அது கையில் தயாராக இருக்கிறது. ஆனால் அது சத்தம், அமைதிக் குலைவு, மனக் கலக்கம் போன்றவற்றுக்கு உரியது. மேல்மாடியில் துளையிடும் சத்தத்துக்கு எழுதலாம், தண்ணீர் வராததற்கு எழுத முடியாது.

3. பெயர்ச்சொல் வேண்டுமா, வினைச்சொல் வேண்டுமா?

தமிழில் பெரும்பாலான ஆங்கிலச் சொற்களின் பின்னால் 'ஆச்சு', 'பண்ணு' சேர்த்துப் பேசிவிடுகிறோம். 'தண்ணி டிஸ்ரப்ஷன் ஆச்சு' என்று சொல்லிப் பழகிய வாய், எழுதும்போது 'த வாட்டர் சப்ளை இஸ் டிஸ்ரப்ஷன்' என்று எழுதச் சொல்லும். இது பிழை. தண்ணீர் விநியோகமே ஒரு தடை என்பது போலாகிவிடும்.

பெயர்ச்சொல் 'டிஸ்ரப்ஷன்'. வினை 'டிஸ்ரப்ட்'. 'தேர் வாஸ் எ டிஸ்ரப்ஷன்' என்றால் 'ஒரு தடை ஏற்பட்டது'. 'த வாட்டர் சப்ளை வாஸ் டிஸ்ரப்டட்' என்றால் 'தண்ணீர் விநியோகம் தடைப்பட்டது'. இரண்டும் சரி. தொடக்கத்தில் 'தேர்' வந்தால் பெயர், சேவையின் பெயர் வந்தால் வினை என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

வினையில் ஒரு கண்ணி இருக்கிறது. 'த வாட்டர் சப்ளை ஹாஸ் டிஸ்ரப்டட்' என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். தண்ணீர் எதையும் தடுக்கவில்லை, அதுதான் தடுக்கப்பட்டது. ஆகவே நடுவில் 'பீன்' வேண்டும்: 'ஹாஸ் பீன் டிஸ்ரப்டட்'. 'டிஸ்ரப்ட்' என்ற வினைக்குத் தடுப்பது ஒன்று, தடுக்கப்படுவது ஒன்று என்று இரண்டு பக்கம் எப்போதும் உண்டு. 'பம்ப் ஃபெயிலியர் டிஸ்ரப்டட் த வாட்டர் சப்ளை' என்று எழுதினால் தடுத்தது முன்னால் வருகிறது, அப்போது 'பீன்' தேவையில்லை.

4. முன்னால் 'எ' வேண்டுமா, பின்னால் 'எஸ்' வேண்டுமா?

அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். தமிழில் 'தடை ஏற்பட்டது' என்றாலே போதும். 'ஒரு தடை' என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் எண்ணத்தக்க பெயர்ச்சொல் ஒருமையில் தனியாக நிற்காது.

ஒரு குறிப்பிட்ட சம்பவம் என்றால் 'எ' போடுங்கள்: 'தேர் வாஸ் எ டிஸ்ரப்ஷன் திஸ் மார்னிங்'. மெய்யொலியில் தொடங்குவதால் 'அன்' வராது. நடுவில் 'அன்எக்ஸ்பெக்டட்' போன்ற உயிரொலிச் சொல் வந்தால் 'அன்' வரும், ஏனென்றால் அது உடனே அடுத்து வருகிற ஒலியைப் பார்க்கிறது.

பல சம்பவங்கள் என்றால் 'டிஸ்ரப்ஷன்ஸ்'. நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று: 2011 டிசம்பர் 15, 17 ஆகிய தேதிகளில் வடக்கு-தெற்கு ரயில் பாதையில் பெரிய தடைகள் ஏற்பட்டன. அதை எழுதினால் 'தேர் வேர் டூ மேஜர் டிஸ்ரப்ஷன்ஸ் ஆன் த நார்த்-சவுத் லைன் இன் டிசம்பர் 2011'. 'டூ' வந்ததால் 'வேர்', கடைசியில் 'எஸ்'. 'மெனி', 'செவரல்', 'எ சீரிஸ் ஆஃப்' வந்தாலும் 'எஸ்' வேண்டும். 'எவ்ரி', 'ஈச்' வந்தால் வேண்டாம்.

சம்பவத்தை எண்ணாமல் பொதுவான நிலையைச் சொன்னால் 'எ'யும் வேண்டாம், 'எஸ்'ஸும் வேண்டாம். 'வி வில் டு அவர் பெஸ்ட் டு மினிமைஸ் டிஸ்ரப்ஷன்.' 'ப்ளீஸ் எக்ஸ்பெக்ட் சம் டிஸ்ரப்ஷன்.' எத்தனை தடை என்று இங்கே யாரும் எண்ணவில்லை. ஒரு சோதனை சொல்கிறேன்: 'எத்தனை?' என்று கேட்டால் பதில் வருகிறதா? வந்தால் 'எ' அல்லது 'எஸ்'. 'எவ்வளவு?' என்ற கேள்விதான் பொருந்துகிறது என்றால் இரண்டுமே வேண்டாம்.

'த' எப்போது? முதல் வாக்கியத்தில் 'எ டிஸ்ரப்ஷன்' என்று அறிமுகப்படுத்திவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அதையே திரும்பச் சொல்லும்போது. 'தேர் வாஸ் எ டிஸ்ரப்ஷன் அட் டென் ஏஎம். த டிஸ்ரப்ஷன் லாஸ்டட் டூ அவர்ஸ்.' முதல் வாக்கியத்திலேயே 'த டிஸ்ரப்ஷன்' என்று எழுதினால், எந்தத் தடை என்று தெரியாமல் படிப்பவர் தேடுவார்.

5. தடைப்பட்டதை 'டு'வோடு கட்டுங்கள்

'அண்ணே, டு போடணுமா, ஃபார் போடணுமா?' புதிதாக வருகிற தம்பிகளிடமிருந்து அடிக்கடி வருகிற கேள்வி. நியாயமான கேள்வியும்கூட, ஏனென்றால் தமிழின் '-க்கு' இரண்டுக்கும் வருகிறது.

சேவைக்கு 'டு': 'எ டிஸ்ரப்ஷன் டு த வாட்டர் சப்ளை'. பாதிக்கப்பட்ட மனிதர்களுக்கு 'ஃபார்': 'திஸ் காஸ்டு டிஸ்ரப்ஷன் ஃபார் ரெசிடென்ட்ஸ்'. 'டிஸ்ரப்ஷன் ஃபார் த வாட்டர் சப்ளை' என்று எழுதினால், தண்ணீர் கொடுப்பதற்காகவே தடை செய்தது போல ஒலிக்கும்.

'டிஸ்ரப்ஷன் இன் வாட்டர் சப்ளை', 'டிஸ்ரப்ஷன் ஆஃப் வாட்டர் சப்ளை' என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் பிழையில்லை. ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் 'டு' ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். எந்தச் சேவைக்கும் பொருந்தும், யோசிக்க வேண்டியதில்லை.

இடத்துக்கு வேறு சொற்கள். கட்டடத்துக்கு 'அட்': 'அட் பிளாக் ஏ'. ரயில் பாதைக்கு 'ஆன்': 'ஆன் த ஈஸ்ட்-வெஸ்ட் லைன்'. இரண்டு நிலையங்களுக்கு நடுவே என்றால் 'பிட்வீன்', அதோடு 'அண்ட்'. 'பிட்வீன் ஜூரோங் ஈஸ்ட் டு புவன விஸ்தா' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்', 'ஃப்ரம்' வந்தால் 'டு'. இந்த இரண்டு சோடிகளும் மாறாது.

ஒரு வாக்கியத்தில் அடுத்தடுத்து இரண்டு 'டு' வந்தால் படிக்கத் தடுக்கும்: 'டிஸ்ரப்ஷன் டு த வாட்டர் சப்ளை டு பிளாக் ஏ'. இரண்டாவதை 'அட்' ஆக்கிவிடுங்கள்.

தலைப்புகளுக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது, அது நமக்குச் சுலபம். 'தண்ணீர் விநியோகத் தடை' என்று தமிழில் எந்த வரிசையில் சொல்கிறோமோ, அதே வரிசையில் 'வாட்டர் சப்ளை டிஸ்ரப்ஷன்'. நடுவில் 'டு' வேண்டாம். 'டு' போட்டால் மட்டும்தான் வரிசை திரும்பும். இந்த வடிவத்தில் முன்னால் வரும் சொற்களுக்கு 'எஸ்' சேர்க்காதீர்கள். பத்து லிஃப்ட் நின்றாலும் 'லிஃப்ட் சர்வீஸ் டிஸ்ரப்ஷன்'தான்.

6. பொருத்தமான வினையைச் சேருங்கள்

தடையை 'மேக்' பண்ணவோ, 'செய்' என்ற பொருளில் வரும் 'டு' பண்ணவோ, 'கிவ்' பண்ணவோ முடியாது. தடை உண்டாக்குவது 'காஸ்': 'த ஃபால்ட் காஸ்டு எ டிஸ்ரப்ஷன்'. தடைக்கு ஆளாவது 'எக்ஸ்பீரியன்ஸ்' அல்லது 'ஃபேஸ்': 'ரெசிடென்ட்ஸ் மே எக்ஸ்பீரியன்ஸ் எ டிஸ்ரப்ஷன் டு தேர் வாட்டர் சப்ளை'. குறைப்பது 'மினிமைஸ்'. இந்த நான்கு வினைகளும் தெரிந்தால் அலுவலக வேலைக்குப் போதும்.

7. காரணத்தைச் சொல்லுங்கள்

'ட்யூ டு'வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். 'ட்யூ டு த பம்ப் ஃபெயில்டு' பிழை, ஏனென்றால் 'ஃபெயில்டு' வினை. 'ட்யூ டு பம்ப் ஃபெயிலியர்' சரி. தமிழில் 'பம்ப் பழுதானதால்' என்று வினையோடு சொல்லிப் பழகியதால் இந்தப் பிழை வருகிறது. வினை வைத்துத்தான் சொல்ல வேண்டுமென்றால் 'பிகாஸ்' எழுதுங்கள்: 'பிகாஸ் த பம்ப் ஃபெயில்டு'.

காரணம் இன்னும் உறுதியாகவில்லையா? எழுதாதீர்கள். 'வி ஆர் ஃபைண்டிங் அவுட் த காஸ்' என்று எழுதினால் போதும். ஊகத்தை எழுதிவிட்டு மறுநாள் மாற்றினால், அடுத்த அறிவிப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

8. நேரத்தைக் கவனமாகச் சேருங்கள்

முடிந்துபோன தடைக்கு 'லாஸ்டட்': 'த டிஸ்ரப்ஷன் லாஸ்டட் டூ அவர்ஸ்'. வரப்போகிற தடைக்கு 'ஃப்ரம் நைன் ஏஎம் டு ஃபைவ் பிஎம்'. இன்னும் தொடர்கிற தடைக்கு 'சின்ஸ்': 'த வாட்டர் சப்ளை ஹாஸ் பீன் டிஸ்ரப்டட் சின்ஸ் டென் ஏஎம்'. 'சின்ஸ்' எழுதினால் இப்போதும் தண்ணீர் இல்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தண்ணீர் வந்துவிட்ட பிறகு அந்த அறிவிப்பை ஒட்டி வைக்கக் கூடாது.

கால அளவை 'டிஸ்ரப்ஷன்'னுக்கு முன்னால் வைக்கும்போது இன்னொரு விதி. 2024 செப்டம்பர் 25 அன்று கிழக்கு-மேற்குப் பாதையில் தொடங்கிய தடை அந்த மாதம் 30 வரை நீடித்தது. அக்டோபர் 1 அன்றுதான் சேவை முழுதாகத் திரும்பியது. மொத்தம் ஆறு நாள். இதைப் பலர் 'எ சிக்ஸ் டேஸ் டிஸ்ரப்ஷன்' என்று எழுதுவார்கள். அங்கே 'சிக்ஸ்-டே' என்பது அடைமொழியாகிவிட்டதால் 'எஸ்' போய்விடும், நடுவில் சிறு கோடு வரும்: 'தேர் வாஸ் எ சிக்ஸ்-டே டிஸ்ரப்ஷன் டு டிரெயின் சர்வீஸ் ஆன் த ஈஸ்ட்-வெஸ்ட் லைன்'. பின்னால் வைத்தால் 'எஸ்' திரும்பி வரும்: 'த டிஸ்ரப்ஷன் லாஸ்டட் சிக்ஸ் டேஸ்'.

9. அடைமொழி ஒன்று போதும்

திட்டமிட்டதற்கு 'பிளான்டு' அல்லது 'ஷெட்யூல்டு'. கொஞ்ச நேரத்துக்கு 'பிரீஃப்', தற்காலிகமானதற்கு 'டெம்பரரி'. பெரியதற்கு 'மேஜர்', சிறியதற்கு 'மைனர்'. 'ஹெவி ரெயின்' என்று சொல்வதைப் பார்த்து 'ஹெவி டிஸ்ரப்ஷன்' என்று எழுத வேண்டாம். 'சிவியர்' என்று எழுதுங்கள்.

10. இப்போது முழு அறிவிப்பை எழுதுங்கள்

தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பு இப்படி வரும்.

தலைப்பு: 'டெம்பரரி வாட்டர் சப்ளை டிஸ்ரப்ஷன்'. தலைப்பில் 'எ' தேவையில்லை.

உள்ளே: 'தேர் வில் பி எ டெம்பரரி டிஸ்ரப்ஷன் டு த வாட்டர் சப்ளை அட் பிளாக் ஏ ஆன் சாட்டர்டே, ஃப்ரம் நைன் ஏஎம் டு ஃபைவ் பிஎம், ட்யூ டு வாட்டர் டேங்க் கிளீனிங். ப்ளீஸ் ஸ்டோர் எனஃப் வாட்டர் பிஃபோர் நைன் ஏஎம். வி அபாலஜைஸ் ஃபார் த இன்கன்வீனியன்ஸ்.'

'சாட்டர்டே'க்குப் பின்னால் தேதியையும் போடுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று யாரும் போன் செய்து கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. 'இன்கன்வீனியன்ஸ்' எண்ணாத சொல்லாக வருகிறது, அதற்கு 'எஸ்' சேர்க்க வேண்டாம்.

சிலர் 'வில் பி ஹாவிங் டிஸ்ரப்ஷன்' என்று எழுதுகிறார்கள். மரியாதையாக ஒலிப்பதாக நினைப்பு. 'தேர் வில் பி' எளிமையானது, எல்லாருக்கும் புரியும்.

பம்ப் பழுதுக்கு மேலாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல்: 'த வாட்டர் சப்ளை அட் பிளாக் ஏ வாஸ் டிஸ்ரப்டட் அட் டென் ஏஎம் ட்யூ டு பம்ப் ஃபெயிலியர். த டிஸ்ரப்ஷன் லாஸ்டட் டூ அவர்ஸ். த சப்ளை வாஸ் ரெஸ்டோர்டு அட் டுவெல்வ் நூன்.' முதல் வாக்கியத்தில் வினை, இரண்டாவதில் பெயர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டது போலவும் தெரியாது.

ரயில் தடையால் நீங்களே தாமதமானால்: 'ஐ வில் பி லேட் பிகாஸ் ஆஃப் எ டிஸ்ரப்ஷன் ஆன் த நார்த்-சவுத் லைன்'. 'பிகாஸ் ஆஃப்' பின்னால் பெயர், வெறும் 'பிகாஸ்' பின்னால் வாக்கியம். 'டிரெயின் டிஸ்ரப்ட் ஆல்ரெடி' என்று நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மேலாளருக்கு வேண்டாம்.

11. ஒட்டும் முன் எழுத்துக்கூட்டைப் பாருங்கள்

கடைசியாகச் செய்ய வேண்டியது என்றாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. 'டிஸ்ரப்ஷன்', 'டிஸ்ட்ரக்ஷன்', 'டிஸ்ட்ராக்ஷன்' மூன்றும் காதுக்கும் கண்ணுக்கும் நெருக்கமானவை. இரண்டாவது அழிவு, மூன்றாவது கவனச் சிதறல். போனில் தட்டும்போது ஓர் எழுத்து பிசகினால் கருவியே அருகில் உள்ள சொல்லைப் போட்டுவிடும். சிவப்புக் கோடும் வராது, ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான். 'வாட்டர் சப்ளை டிஸ்ட்ரக்ஷன்' என்று ஒரு லாபியில் ஒட்டினால் குடியிருப்பாளர்கள் பயந்துபோவார்கள்.

எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: டி, ஐ, எஸ், ஆர், யு, பி, டி, ஐ, ஓ, என். நடுவில் உள்ள 'பி' பேச்சில் அழுத்தமில்லாமல் போவதால் எழுத்தில் விட்டுப்போகும். 'எஸ்'ஸுக்கும் 'ஆர்'ருக்கும் நடுவில் 'டி' கிடையாது. அது நுழைந்தால் சொல் 'டிஸ்ட்ரக்ஷன்' பக்கம் சாய ஆரம்பிக்கும். 'இன்டரப்ட்', 'பேங்க்ரப்ட்', 'டிஸ்ரப்ட்' மூன்றின் கடைசியிலும் ஆர், யு, பி, டி என்ற நான்கு எழுத்துகளும் அதே வரிசையில் வருகின்றன. இவற்றில் ஒன்று நன்றாகத் தெரிந்தால் மற்றவற்றையும் தப்பில்லாமல் எழுதிவிடலாம்.

அப்புறம் முதல் படியில் குறித்த ஐந்து விவரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் அறிவிப்பில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். கட்டடத்தைத் தெரியாத ஒருவரிடம் காட்டி, 'தண்ணீர் எப்போது நிற்கும், எப்போது வரும்?' என்று கேளுங்கள். அவர் தாளைப் பார்த்து உடனே பதில் சொன்னால் அச்சடிக்கக் கொடுக்கலாம்.